நகத்தளவுப் படம்

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் குயில் தோப்பையும் ஒரு நடை எட்டிப் பார்ப்பது வழக்கம். 1908-லிருந்து பத்து வருஷம் புதுவையில் வாழ்ந்த பாரதியாருக்குக் குயில் பாட்டைத் தந்த தோப்பு என்று சொல்கிறார்கள். அங்கே என் அக்காளை நிறுத்தி வைத்து ஒரு படம் எடுத்தேன். ஆறு மாதத்துக்குள் அதே கருவடிக்குப்பத்து மயானத்துக்கு அவளைக் கொண்டுபோனோம்.

அந்தப் படத்தை அழித்தவன் நான்தான். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று ஒருநாள் ஆவேசம் வந்து துப்புரவு செய்தேன். பிரதி எடுத்தாயிற்று என்று நினைத்திருந்த போல்டர் முழுவதும் போயிற்று. குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற சுபாவம் எனக்கு இல்லை!

அக்காள் மகனிடம் விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சிறுபடம் மிச்சம் இருக்கலாம், மாமா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான்.

போல்டரைத் திறந்ததும் படங்கள் குட்டி உருவில் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா? ஒவ்வொரு தடவையும் பெரிய படத்தைச் சுருக்கிக் காட்டுவது யந்திரத்துக்கு வீண் சிரமம். ஒரு முறை சுருக்கியதை ஒளித்து வைத்துக்கொள்கிறது. கட்டைவிரல் நகத்தின் பெயரையே இங்கிலீஷ்காரர்கள் இதற்குச் சூட்டிவிட்டார்கள். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, படமுள்ள போல்டர்தோறும் 'தம்ப்ஸ் டிபி' என்ற மறைவுப் பைலைப் போட்டு வைத்தது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா, அவரவர் கணக்கில் ஒரே இடத்தில் 'தம்ப்கேஷ்' என்ற பெயரில் அவற்றைச் சேர்த்தது.

பைலை மறைக்கும் பழக்கத்துக்கே ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு. அமெரிக்காவில் பெல் சோதனைச் சாலையில் யூனிக்ஸ் உருவானபோது, பட்டியலில் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்கள் தலைகாட்டாமல் இருக்க வேண்டியிருந்தது. சோம்பலோ அவசரமோ, புள்ளியில் ஆரம்பிக்கும் எதையும் விட்டுவிடு என்று எழுதிவிட்டார்கள். பிறகு வந்தவர்கள் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து வேண்டியதையெல்லாம் மறைக்கத் தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த ராப் பைக் 2012-ல் இதை எழுதி, அது ஒரு பிசகு என்றே வருத்தப்பட்டார். விண்டோஸின் வழி வேறு. பைலின் மேல் 'மறைவு' என்று ஒரு குறியை வைத்துவிடும்.

மூலப் படத்தை அழித்தாலும் மறைவிலுள்ள நகல் உடனே அழிவதில்லை. குற்றம் துப்பறிகிறவர்கள் அங்கேயும் துழாவுகிறார்கள். எனக்கும் அதுவே கைகொடுத்தது. அந்தப் பைலைப் பிரித்துக் காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டு, நூற்றுக்கணக்கான படங்களை மருமகன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். கோயில் கோபுரம், யார் வீட்டுக் கல்யாணமோ, என் கட்டைவிரல் மறைத்த கடற்கரை. திடீரென்று நிறுத்தினான்.

அக்காள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் நின்றாள். 256 புள்ளி அகலம். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. பெரிதாக்க வேண்டாம் என்றான்.

அதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகு, வட்டைத் துப்புரவு செய்யும் பலகையை அவனே திறந்து காட்டினான். 'சிறுபடங்கள்' என்ற வரியில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது.

"அழித்தால் ஒன்றும் மோசமில்லை, மாமா. திரும்பவும் தானே செய்துகொள்ளும்."

"எதை வைத்துக்கொண்டு?"

"மூலப் படத்தை வைத்துத்தான்" என்று சொல்லி, அந்த டிக்கை எடுத்துவிட்டான்.