நடையும் முதுமையும்: ஒரு வரலாற்று நோக்கு

தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட முதிய பெற்றோர், மூன்றாம் மாடி வீட்டின் சன்னலருகே நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். ஊரில் அவர்கள் விடியலில் ஆற்றுக்கும், அந்தியில் கோயிலுக்கும், இடையே கடைத்தெருவுக்கும் நடந்தவர்கள். அதனைத் தேகப்பயிற்சி என்று எவரும் சொன்னதில்லை. அதுவே அவர்களுடைய வாழ்க்கையாக இருந்தது. இங்கு வந்தபின் மொழி தெரியாத தெரு அவர்களை அஞ்ச வைக்கிறது, மார்கழிக் குளிர் தடுக்கிறது, இவை போதாவென்று, "நீங்கள் ஏன் அலைய வேண்டும்?" என்று கேட்டு மக்களின் அன்பும் தடுக்கிறது.

எம் தந்தையாரை நாமும் இவ்வாறே இரண்டு ஆண்டுகள் உட்கார வைத்திருந்தோம். மரியாதை என்று எண்ணிச் செய்த அச்செயல் அவருடைய கால்களைக் கட்டிப்போட்டது என்பதைப் பிறகே உணர்ந்தோம். அவ்வுணர்வுதான் நடையின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்குமாறு நம்மைத் தூண்டியது.

நம் நாட்டில் இதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. பள்ளிப் பருவத்தில் காந்தியடிகளுக்குத் தேகப்பயிற்சி வகுப்பு பிடிக்கவில்லை. ஆனால் திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பதன் நன்மையை நூல்களில் படித்து, அப்பழக்கத்தை மேற்கொண்டார். லண்டனில் சட்டம் பயின்றபோது நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்ததாகத் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். இளமையில் சேர்த்த அந்தச் செல்வம் முதுமையில் நாட்டுக்கே பயன்பட்டது. 1930-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று சாபர்மதி ஆசிரமத்திலிருந்து அவர் தண்டிக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஏறத்தாழ 240 மைல் தொலைவை 24 நாட்களில் கடந்தார். உடன் சென்ற தொண்டர் பலர் அவரைவிட மிகவும் இளையவர்கள். 77-ஆம் வயதிலும் அவர் நவகாளியில் கலவரத்தால் சிதைந்த கிராமங்களுக்கு வெறுங்காலுடன் நடந்து சென்றார்.

அதே 1930-இல், ஏப்ரல் 13 அன்று, திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு ஏறத்தாழ 150 மைல் நடைப்பயணத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் ராஜாஜி. அப்போது அவருக்கு வயது 51. அவர் 94 வயது வரை வாழ்ந்தார். 1951-இல் பூமிதான இயக்கத்தைத் தொடங்கிய வினோபா பாவேக்கு அப்போது வயது 55. அந்த வயதில் பலர் ஓய்வூதியத்திற்கான தாள்களைச் சரிபார்த்துக் கொண்டிருப்பார்கள்; அவரோ அதன்பின் பதின்மூன்று ஆண்டுக் காலம் ஊர் ஊராக நடந்தார். 87-ஆம் வயதில், 1982-இல், மறைந்தார். இப்பெரியோர் நீண்ட நாள் வாழ்ந்ததற்கு நடை ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. வயது ஏறிய பின்னும் கால்கள் பணி செய்யும் என்பதற்கு இவர்கள் சாட்சி.

பெரியோர் வாழ்ந்து காட்டியதை விஞ்ஞானம் பின்னர் அளந்து காட்டிற்று. 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அஞ்சல் துறையிலும் அவ்வாறே: கடிதம் சுமந்து நடந்தவர்களைவிட மேசை முன் அமர்ந்த எழுத்தர்களுக்கே இடர் மிகுதி. எழுதுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி சற்றுச் சுருக்கென்று தைக்கிறது. மாரிஸ் அவர்களும் உடற்பயிற்சியைக் கைவிடாமல் 99 வயது வரை வாழ்ந்தார்.

1956-இல் வங்காளத்துச் சணல் ஆலைத் தொழிலாளரைப் பற்றி வெளிவந்த ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது. மிகக் குறைவாக உடலை அசைத்தவர்கள் குறைவாக உண்ணவில்லை. மாறாக மிகுதியாக உண்டு, எடையும் கூடியிருந்தனர்.

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இக்காலத்தில் பலர் சொல்லக் கேட்கிறோம். இவ்வெண் மருத்துவர் வகுத்தது அன்று; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்மணிகளை ஆராய்ந்தபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நன்மை பெருகவில்லை. ஆகவே முதியோர் பெரிய எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. ஐந்து நாள் அரை மணி நடந்தால் அக்கணக்கு நிறைவேறும். தடுமாறி விழாதிருக்க, உடலை நிலைப்படுத்தும் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாள் செய்யுமாறு முதியோருக்குக் கூறுகிறது. நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, தலைச்சுற்றலோ உடையவர்கள் மருத்துவரைக் கலந்து தொடங்குவதே அறிவுடைமை.

எம் தந்தையார் இப்போது நாள்தோறும் மாலையில், கைத்தடியுடன் படியிறங்கி, அருகிலுள்ள பூங்காவுக்குச் செல்கிறார். முதல் வாரம் தெருமுனை வரை. ஒரு மாதத்தில் பூங்கா வாயில் வரை. இன்று உள்ளே ஒரு சுற்று. பழைய வேகம் திரும்பவில்லை. திரும்பும் என்று நாம் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அங்கே உலாவும் பஞ்சாபிப் பெரியவர் ஒருவருடன் அரைகுறை இந்தியில் நலம் விசாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அச்சுறுத்திய தெரு இன்று அவருக்கு அறிமுகமான தெரு.

வேற்றூரை நம் ஊராக்கிக் கொள்ள நடையைவிட எளிய வழி இல்லை. பெற்றோருக்கு நாற்காலியை மட்டும் தந்து அமைதி கொள்ளாமல், மாலையில் அரை மணி நேரம் அவர்களுடன் நாமும் நடப்போமாக. அந்நடை நம் முதுமைக்கும் இன்றே சேர்த்து வைக்கும் சேமிப்பாகும்.