பெயரறிதல்: இல்லினாய்ப் புல்வெளியின் அணில்கள்

அணில் என்றவுடன் மரத்தை நினைப்பது நம் வழக்கம். மரமே இல்லாத வெளியில், மண்ணுக்குள் வளை தோண்டி, ஆண்டில் பாதியைத் துயிலிலேயே கழிக்கும் ஓர் உயிரையும் அணில் என்றே அழைக்க வேண்டும் என்றால் சற்றுத் தயங்குவோம். அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்த இயற்கையியலாளர்களும் இப்படித்தான் தயங்கினார்கள். அத்தயக்கம் தீர ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்கள் பெயரிட்ட உயிர்களில் ஒன்று, தான் வாழ்ந்த நிலத்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. இவ்விரண்டு நிகழ்வுகளையும் இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடும் புல்லும் சந்திக்கும் நிலம்

இல்லினாய் மாநிலத்திற்குப் 'புல்வெளி மாநிலம்' என்றொரு பட்டப்பெயர் உண்டு. 1820ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அதன் பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு உயர்புல் வெளியாக இருந்தது. ஏக்கர்க் கணக்கில் சுமார் 2 கோடியே 20 லட்சம். ஆள் உயரத்திற்கு மேல் வளரும் புல் அது. எஞ்சிய நிலம் பெரும்பாலும் காடு. ஆற்றங்கரைகளை ஒட்டி நீண்ட மரவரிசைகளும், புல்வெளி நடுவே தீவுகள் போன்ற ஓக் தோப்புகளும் இருந்தன. தீ அடிக்கடி புல்வெளியைத் துடைத்துச் சென்றது. தீயை ஆறும் ஈரமும் தடுத்த இடங்களில் மரம் நின்றது.

ஆகவே இங்கு இரண்டு அணில் உலகங்கள் அருகருகே இருந்தன. ஒன்று மரத்தின் உலகம்: நரி அணில், சாம்பல் அணில், இரவில் மட்டும் வெளிவரும் பறக்கும் அணில், வடகிழக்கு மூலையில் சிவப்பு அணில். மற்றொன்று மண்ணின் உலகம்: பதின்மூன்று வரித் தரையணில், ஃபிராங்க்ளின் தரையணில். இரண்டுக்கும் நடுவே, காட்டின் தரையில், சிப்மங்க் எனப்படும் சிறிய வரி அணில். ஓர் அணிலைத் தேடிச் செல்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி "அது எந்த நிறம்?" என்பதன்று, "நாம் நிற்பது எந்த நிலம்?" என்பதே. இந்த எளிய உண்மை ஏட்டில் ஏற நீண்ட காலம் பிடித்தது.

நிறம் செய்த குழப்பம்

லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு நரி அணிலுக்கு இட்ட பெயர் 'சையூரஸ் நைகர்'. கரிய அணில் என்று பொருள். அவர் அந்த உயிரை நேரில் கண்டவரல்லர். தென்கிழக்கு அமெரிக்காவில் கேட்ஸ்பி வரைந்து விவரித்த கரிய அணிலை அடிப்படையாகக் கொண்டே பெயர் சூட்டினார். ஆனால் இல்லினாயில் திரியும் நரி அணில் கரியதன்று. முதுகு பழுப்பு, வயிறு செம்மஞ்சள். இன்றளவும் அந்தச் செந்நிற உயிர் ஏட்டில் 'கரியது' என்ற பெயரோடுதான் வாழ்கிறது. சாம்பல் அணிலுக்கு 1788இல் மெலின் பெயரிட்டார். அதிலும் முற்றிலும் கறுத்த வகை உண்டு. ஓல்னி என்னும் இல்லினாய் ஊரில் வெள்ளை அணில்கள் புகழ்பெற்றவை. 1977 முதல் ஆண்டுதோறும் அவற்றைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அவையும் நிறமிக் குறைபாடுள்ள சாம்பல் அணில்களே. வேறு இனம் அல்ல.

நிறத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் நூல்களே சான்று. சார்ல்ஸ்டன் நகரப் பாதிரியார் ஜான் பாக்மன் 1838இல் வட அமெரிக்க அணில்களைப் பற்றித் தனி ஆய்வொன்று வெளியிட்டார். பின்னர் ஓவியர் ஆடுபனுடன் சேர்ந்து அமெரிக்கப் பாலூட்டிகளைப் பற்றிய பெருநூலை உருவாக்கினார். உழைப்பில் குறை சொல்ல முடியாத பணி அது. ஆயினும் தெற்கத்திச் சாம்பல் அணிலும் வடக்கத்திச் சாம்பல் அணிலும் அதில் வெவ்வேறு இனங்களாக நின்றன. இன்று அவை ஒன்றே. நிறத்துக்கும் உருவத்துக்கும் ஏற்ப அவர்கள் பிரித்த பல இனங்கள் பிற்காலத்தில் ஒன்றோடொன்று கரைந்து போயின.

பின் எதைக் கொண்டு பிரிப்பது? வாலின் ஓரத்தைக் காணலாம். சாம்பல் அணிலின் வால்முடிகள் வெள்ளை நுனி கொண்டவை. நரி அணிலின் வால் ஓரம் செம்மஞ்சள். நரி அணில் உருவில் பெரியது. மண்டையோடு கிடைத்தால் ஐயத்திற்கே இடமில்லை. சாம்பல் அணிலுக்கு 22 பற்கள், நரி அணிலுக்கு 20. மேல்தாடையின் இருபுறமும் ஆணி போன்ற ஒரு சிறு பல் சாம்பல் அணிலுக்கு மட்டும் உண்டு. இன்னும் வியப்பானது நரி அணிலின் எலும்பு. யூரோபார்ஃபிரின் என்னும் நிறமி சேர்வதால் அது இளஞ்சிவப்பாகத் தோன்றும்; புறஊதா ஒளியில் செந்நிறமாக ஒளிரும். மனிதருக்கு இத்தகைய சேர்க்கை கொடிய நோய். நரி அணிலுக்கோ அது இயல்பான உடல்நிலை.

இவ்வளவுக்கும் முன்னதாக நிலமே விடை சொல்லிவிடும். அடர்ந்து தொடரும் காட்டின் உட்புறம் சாம்பல் அணிலுக்கு உரியது. தோப்பின் ஓரம், புல்வெளியை நோக்கித் திறந்த ஓக் மரங்கள், பின்னாளில் வயல் வரப்பில் நின்ற மரவேலிகள் ஆகியன நரி அணிலுக்கு உரியவை. அது மரத்தை விட்டு நெடுந்தூரம் தரையில் நடந்து இரை தேடும். குடியேறியோர் காட்டை வெட்டித் துண்டாக்கியபோது சாம்பல் அணில் பின்வாங்கியது. அந்த இடத்தை நரி அணில் நிரப்பியது. ஒரு வட்டாரத்தில் எந்த அணில் மிகுந்திருக்கிறது என்பதைக் கொண்டு அங்கு காடு பட்ட பாட்டையே எழுதிவிடலாம்.

காடு முழுமையாக இருந்த நாளில் சாம்பல் அணில்கள் எத்தனை பெருந்திரளாக இருந்தன என்பதற்கு மெரிவெதர் லூயிஸின் நாட்குறிப்பு சாட்சி. 1803 செப்டம்பரில் ஓஹையோ ஆற்றில் படகில் இறங்கிச் சென்ற அவர், அணில்கள் கூட்டமாக ஆற்றை நீந்திக் கடப்பதைக் கண்டு எழுதினார். அவருடைய நாய் நீரில் பாய்ந்து அவற்றைக் கவ்விக் கொண்டுவந்தது. ஓக் காய் மிகுதியாக விளைந்த ஆண்டில் பெருகிய கூட்டம், விளைச்சல் பொய்த்த அடுத்த ஆண்டில் இடம்பெயர்வதே இதற்குக் காரணம் என்பர்.

மண்ணுக்குள் இருந்தவர்கள்

தரையணில்களின் பெயர் வரலாறு பின்னர்தான் தொடங்குகிறது. 1821ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் சாமுவேல் மிட்சில், மிசிசிப்பி ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து அறியப்பட்ட ஒரு சிறு விலங்கை விவரித்தார். முதுகில் கருமையும் வெளிர்மையும் மாறிமாறி ஓடும் வரிகள். கரிய வரிகளின் நடுவே வெளிர்ப்புள்ளிகள் கோத்த மணிபோல அமைந்திருந்தன. அவர் எண்ணினார்; பதின்மூன்று என்றே பெயரிட்டார். வரியை எண்ணி அணிலை அறிவது தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் அணிலைச் சுட்டும்போதே அதன் மூன்று வரிகளையும் சேர்த்துத்தான் சுட்டுகிறது.

அடுத்த ஆண்டு, 1822இல், இலண்டனில் ஜோசப் சபைன் மேலும் இரண்டு தரையணில்களை விவரித்தார். வடதுருவக் கடற்கரையைத் தேடிச் சென்ற ஜான் ஃபிராங்க்ளினின் முதல் தரைவழிப் பயணத்தில், மருத்துவர் ஜான் ரிச்சர்ட்சன் இன்றைய கனடாவின் சஸ்காச்சுவான் ஆற்றங்கரையிலுள்ள கார்ல்டன் கோட்டையில் திரட்டியவை அவை. ஒன்றுக்கு ரிச்சர்ட்சனின் பெயரும் மற்றொன்றுக்கு ஃபிராங்க்ளினின் பெயரும் கிடைத்தன. மிட்சில் தம் உயிரை மர அணிலின் பேரினத்தில் வைத்தார். சபைனோ தம்முடையவற்றை மார்மட் எனும் மலைப்பெருச்சாளி போன்ற விலங்கின் பேரினத்தில் வைத்தார். நாம் முதலில் குறிப்பிட்ட தயக்கம் இதுவே.

இல்லினாயில் வாழும் இரண்டு தரையணில்களும் குணத்தில் வேறானவை. பதின்மூன்று வரியன் குட்டைப் புல்லை விரும்பும். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றும் பார்க்கும். வளைவாயில் மண்மேடு இருக்காது. வெட்டிய மண்ணைப் பரப்பிவிடும். அதைச் சிப்மங்க் என மயங்குவோர் உண்டு. முகத்தைப் பார்த்தால் போதும்: சிப்மங்க்குக்கு முகத்திலும் வரி உண்டு, இதற்கு இல்லை. ஃபிராங்க்ளின் தரையணிலுக்கு வரியே இல்லை. சாம்பல் தலை, பழுப்புப் புள்ளி முதுகு, சற்றே பெருத்த வால். தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் மர அணில் என்றே தோன்றும். உயர்ந்த புல்லுக்குள் மறைந்தே திரிவதும், வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிப்பதும் அதன் இயல்பு. கண்ணுக்கு அகப்படுவதற்கு முன் காதுக்கு அகப்படும். அதன் நடுங்கும் சீழ்க்கையே அதற்கு அடையாளம்.

கெனிக்காட் என்னும் இளைஞர்

இவ்வுயிர்களை அருங்காட்சியகத்தின் உலர்ந்த தோலாக அன்றி, வாழும் நிலத்தில் வைத்து எழுதியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் கெனிக்காட். 1835இல் பிறந்தவர். சிகாகோவின் வடக்கே 'தி குரோவ்' என்ற தோப்பில் வளர்ந்தவர். நலிந்த உடல், பள்ளிப் படிப்பு குறைவு. வீட்டைச் சுற்றியிருந்த தோப்பும் புல்வெளியுமே அவருக்குப் பாடசாலையாயின. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஸ்பென்சர் பேர்டுக்கு மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்த அவ்விளைஞர், 'இல்லினாயின் நாற்கால் விலங்குகள்: உழவருக்குத் தீமையும் நன்மையும் செய்வன' என்ற பொருள்படும் நீண்ட கட்டுரைத் தொடரை எழுதினார். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் 1856 முதல் 1858 வரையிலான வேளாண் அறிக்கைகளில் அது வெளிவந்தது. வேளாண்மைத் துறை தோன்றியது 1862இல்தான். அதுவரை உழவருக்கான அறிக்கைகளை வெளியிட்டது அந்த அலுவலகமே.

அத்தலைப்பைச் சற்று உற்றுநோக்க வேண்டும். 'தீமை' என்ற சொல்லோடு 'நன்மை' என்ற சொல்லையும் அவர் சேர்த்தார். உழவருக்கு அக்காலத்தில் எல்லாத் தரையணிலும் ஒன்றே: 'கோஃபர்'. அணில் குடும்பத்தையே சேராத பைக்கன்னக் கொறிவிலங்குக்கும் அதே பெயர். விதைத்த மக்காச்சோளத்தைத் தோண்டித் தின்னும் எதுவும் கோஃபர். கோஃபர் எதுவும் கொல்லத்தக்கது. இச்சூழலில், எது எந்த விலங்கு, எது எதை உண்கிறது என்று பிரித்துச் சொல்வது ஏட்டறிவு மட்டுமன்று. ஓர் உயிருக்காக வாதாடுவதும் ஆகும்.

கெனிக்காட் 1857இல் சிகாகோ அறிவியல் கழகத்தை நிறுவியோரில் ஒருவரானார். பின்னர் வடக்கே நெடும்பயணங்கள் மேற்கொண்டார். 1866இல் அலாஸ்காவின் நுலாட்டோவில் இறந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். 1871இன் பெருந்தீ சிகாகோவை எரித்தபோது அக்கழகத்தின் சேகரிப்பும் சாம்பலாயிற்று. அவர் வளர்ந்த தோப்பு இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

கலப்பையும் நஞ்சும்

1837இல் ஜான் டீயர் இல்லினாயின் கிராண்ட் டிடூர் ஊரில் எஃகுக் கலப்பையை வடித்தார். ஒட்டும் கரிசல் மண் அதற்கு வழிவிட்டது. இருப்புப்பாதைகள் வந்தன, சதுப்புகள் வடிக்கப்பட்டன. 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளியில் இன்று உயர்தரத்தில் எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நிலம் போனதோடு நஞ்சும் சேர்ந்தது. நடுமேற்குப் பகுதியின் பல ஊர்களில் கோஃபர் வாலுக்குப் பரிசுப்பணம் அளித்தார்கள். ஸ்ட்ரிக்னைன் தடவிய தானியத்தை வளைகளில் இட்டார்கள். நம் எட்டிக்கொட்டையில் உள்ள அதே நஞ்சுதான் அது. தானியத்தை எடுக்கும் உயிர் எந்த இனம் என்று நஞ்சு கேட்பதில்லை.

இதற்கு மறுமொழியாகவும் ஆய்வு நடந்தது. மின்னசோட்டாவில் வளர்ந்த வெர்னன் பெய்லி, வேளாண்மைத் துறைக்காக மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் தரையணில்களைப் பற்றி 1893இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பதின்மூன்று வரியனின் இரைப்பையை அறுத்துப் பார்த்தவர்கள் அதில் தானியத்தோடு வெட்டுக்கிளிகளும் புழுக்களும் நிறைந்திருக்கக் கண்டார்கள். உழவரின் பகைவன் என்று கருதப்பட்டது, உழவரின் பகைவரைத் தின்றுகொண்டிருந்தது.

முடிவில் இரண்டுக்கும் இருவேறு விதி வாய்த்தது. குட்டைப் புல்லை விரும்பிய பதின்மூன்று வரியனுக்கு, மனிதர் வெட்டிப் பேணிய புல்தரை புதிய நாடாயிற்று. கல்லறைத் தோட்டம், கோல்ஃப் மைதானம், சாலையோரம் எங்கும் இன்று அதைக் காணலாம். உயர்புல்லை நம்பிய ஃபிராங்க்ளின் தரையணிலுக்கு அத்தகைய மாற்றிடம் கிட்டவில்லை. அதற்கு எஞ்சிய புகலிடங்களில் முக்கியமானவை இருப்புப்பாதை ஓரங்கள். புல்வெளியை அழிக்க வந்த அதே இருப்புப்பாதையின் இருமருங்கும் கலப்பை படாத சிறு கீற்றுகள் தப்பியிருந்தன. 2004இல் இல்லினாய் மாநிலம் இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

2009இல், தரையணில்களின் உடலமைப்பையும் மரபணுத் தரவுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அதுவரை ஒன்றாக இருந்த பெரிய பேரினத்தை எட்டாகப் பிரித்தார்கள். பதின்மூன்று வரியன் 'இக்டிடோமிஸ்' ஆனது. ஃபிராங்க்ளின் தரையணில் 'பொலியோசிட்டெல்லஸ்' என்ற பேரினத்தில் தனியே நின்றது. அப்பேரினத்தில் வேறு இனம் இல்லை. மார்மட் என்றும் கோஃபர் என்றும் அழைக்கப்பட்டு வந்த உயிருக்கு, எவரோடும் பங்கிட வேண்டாத ஒரு பெயர் கடைசியில் வாய்த்தது. அப்போது அதன் நிலத்தில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவுமாக மாறியிருந்தது.

இன்று இல்லினாயில் இதைத் தேடிச் செல்பவர்கள், கோடை மாதங்களில் தண்டவாள ஓரத்து உயர்புல்லை ஒட்டி நடக்கிறார்கள். உயிருக்கு ஊறு செய்யாத கூண்டுகளை வைக்கிறார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முழு வளர்ச்சியடைந்தவை கோடை முடியுமுன்னரே மண்ணுக்குள் துயிலப் போய்விடுவதால் அவர்களுக்குக் கிடைக்கும் காலம் சிறிது. அச்சிறு காலத்தில் ஒரு சீழ்க்கை கேட்டால், அது எதனுடையது என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். இல்லையெனில் அது மீண்டும் வெறும் கோஃபர் ஆகிவிடும். அந்த ஓரத்துப் புல்லை வெட்டிச் சமன் செய்ய வருபவருக்குத் தடை சொல்ல எவரும் இருக்கமாட்டார்.