புதுவைக் கோயிற்சுவர்: தீமை பற்றிய கிறித்தவக் கோட்பாடும் ஒரு நாட்குறிப்புச் செய்தியும்

தீமை தனக்கெனத் தனி இருப்புடைய பொருளன்று. இருக்கவேண்டிய நன்மை இல்லாதொழிதலே தீமையாம் என்பது புனித அகுசுத்தீனார் கண்ட கோட்பாடு. மேலைக் கிறித்தவம் அதனைப் பெரிதும் ஏற்றுப் போற்றிற்று. ஆயினும், கண்முன் நிற்கும் ஒரு வழக்கம் தீமையா, அன்றி உலகியல் நெறியா என்று துணிய நேர்ந்தவிடத்து அக்கோட்பாடு எத்துணை உதவிற்று என்பது ஆராயத்தக்கது. அதற்குப் புதுவை வரலாற்றிலேயே ஒரு சான்று உளது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் எழுதிய நாட்குறிப்பு அச்சான்றினைத் தருகின்றது. இக்காலத்தார் சம்பா கோவில் என வழங்கும் இயேசு சபையார் கோவிலின் உள்ளே, வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர் ஒருபுறமும், உயர்சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் மறுபுறமும் இருந்து வழிபட்டனர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தூண்ட, ஒடுக்கப்பட்டோர் தலைமைப் பாதிரியாரை அடைந்து முறையிட்டனர். திருமுழுக்கு ஒன்றாயின் தமக்கும் பிறர்க்கும் இடையே சுவர் எதற்கு என்பது அம்முறையீட்டின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது.

உயர்சாதியார் சினந்தெழுந்தனர். அச்சமயத்திலேயே, மெல்லிய ஆடையும் அணிகளும் பூண்டு வந்த உயர்குடிப் பெண் ஒருத்தியைப் பாதிரியார் கடிந்து பேசியது எரிகிற நெருப்பில் நெய் வார்த்தாற் போலாயிற்று. பூசல், ஆளுநர் தூப்ளே வரை சென்றது. (சுவரைக் காக்க எழுந்தோர் சேலையைப் பற்றியும் வழக்காட நேர்ந்தது நகைப்பிற்குரியது, எனினும் சாதிமானமும் குடிமானமும் அவர்க்கு ஒன்றாகவே தோன்றின என்பதை அது காட்டுகின்றது.) இவற்றை எழுதியவர் வைணவர், இருதிறத்தாரிடத்தும் சமயப் பற்றில்லாதவர். ஆகலின் அவர் கூற்றிற்கு மதிப்பு மிகுதி.

சுவர் இடிந்த காலத்தை நோக்குக. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர், பூணூலும் குடுமியும் சமயக்குறியல்ல, உலகியல் வழக்கே என வாதிட்டார். 1623இல் உரோமாபுரி அவற்றிற்கு இசைவளித்தது. ஆனால் 1703இல் புதுவைக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்நோன், மறு ஆண்டு சூன் 23ஆம் நாள் இந்நகரிலேயே ஓர் ஆணை விடுத்தார். ஒடுக்கப்பட்டோர் நோயுற்றால் பாதிரிமார் அவர்தம் இல்லத்திற்கே செல்லவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சேரிக்குள் புகுந்தால் உயர்சாதியார் தம்மை அணுகார் எனச் சபையார் மறுத்தனர். நாற்பதாண்டு வழக்கின் பின், 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை ஒட்டி, ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிப் பாதிரிமாரை அமர்த்தும் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே கோயிற்சுவர் வீழ்ந்தது. இரண்டற்கும் நேர்த்தொடர்பு உண்டெனத் துணியாவிடினும், அவ்விவாதம் மூட்டிய சூழலிலேயே இது நிகழ்ந்தது எனலாம்.

தனிப் பாதிரிமார் என்ற ஏற்பாடும் எம் கருத்தில் மற்றொரு சுவரே. நன்மையின் குறைவே தீமை எனின், ஒரே பந்தியில் அமராத உறவும் குறையுடையதே. தீமையைத் தீமையென்று பெயரிடாது ‘வழக்கம்’ என்று பெயரிட்டமையால் அதற்கு விடைகாணும் கடமை தள்ளிப்போயிற்று. அதனை முதலில் பெயரிட்டவர் கோட்பாடு கற்ற அறிஞரல்லர். சுவரின் அப்புறம் நின்றவரே. இவ்வுண்மை இவ்வாராய்ச்சியில் எம்மைப் பெரிதும் ஈர்த்தது.

அக்கோவில் 1761இல் ஆங்கிலேயரால் அழிவுற்றது. இன்றுள்ளது 1791இல் முற்றுப்பெற்றது. பிரிவினையோ அழியவில்லை. 2003 நவம்பரில் இரண்டாம் அருள் சின்னப்பர், சென்னை, மதுரை, புதுவை உயர்மறைமாவட்டங்களின் ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒப்பி, அதனைப் பெரும் சமூகப் பாவமெனக் கொள்கை ஏட்டில் எழுதியது 2016 திசம்பரில். நாட்குறிப்புச் செய்திக்கும் இதற்கும் இடையே 271 ஆண்டுகள்.