மன்னார்க் கடலில் மூச்சடக்கியோர்

மண்டபம் முதல் தூத்துக்குடி வரை கரையோரமாக அமைந்துள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளும், வண்ண மீன்களும், கடற்புல் மேயும் கடற்பசுவும், ஆமைகளும் வாழ்கின்றன. இப்பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. காற்றுக் கலனைச் சுமந்து கடலடியைக் கண்டு மகிழ்வது இன்று உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் கருவி ஏதுமின்றி, மூச்சொன்றையே முதலாகக் கொண்டு இக்கடலின் அடித்தளத்தை அறிந்திருந்த மக்கள் இக்கரையில் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பலர் கீழக்கரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த முஸ்லிம்கள்.

முத்துச் சலாபத்தின் தொன்மையைப் பயணிகளின் குறிப்புகள் காட்டுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுக்கப்பட்ட முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு சுறாமீனை மந்திரத்தால் கட்டுபவனுக்கும் சென்றதாக எழுதினார். 1344இல் இலங்கை சென்ற இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துகள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டார். சுறாவைக் கட்டுபவனுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அவனின்றிக் குளிப்போர் நீரில் இறங்க மறுத்தமையால், ஆங்கிலேய அரசும் அவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அந்த அச்சம் எவ்வளவு மெய்யானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குளிக்கும் முறை எளியது, கொடியது. கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் வைத்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு இறங்குவர். அரபு நாட்டுக் குளிப்போர் கொம்பினால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வர். நம்மவர்க்கு விரலே கவ்வி. சுமார் ஒரு நிமிடத்திற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலையிலிட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியிலிருப்பவர் மேலே இழுப்பார். கயிறு பிடித்தவரின் கவனமே குளித்தவரின் உயிர். செவியிலும் மூக்கிலும் குருதி கசிவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சலாபங்களில் மூன்றில் இரு பங்கு சிப்பி அரசுக்குச் சென்றது. எஞ்சிய ஒரு பங்கைத்தான் தோணிக்காரரும், குளித்தவரும், கயிறு பிடித்தவரும் பகிர்ந்துகொண்டனர்.

இக்கடல் பகையையும் கண்டது. 1530களில் முஸ்லிம்களுக்கும் பரதவருக்கும் மூண்ட பூசல் போர்த்துக்கீசியருக்கு வாசலைத் திறந்தது. அவர்களின் பாதுகாப்பை நாடிய பரதவர் கிறித்தவம் தழுவினர். 1538இல் மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் மரக்காயர் தலைமையில் வந்த கோழிக்கோட்டுக் கடற்படை தோல்வியுற்றது. ஒரே பாரில் மூச்சடக்கிய இரு சமூகங்களின் பூசலில் ஆதாயம் பெற்றவன் மூன்றாமவனே. எனினும் பிற்காலத்தில் இவ்விரு சமூகத்தாரும் மீண்டும் அதே பார்களில் குளித்தனர் என்பதை மறத்தலாகாது.

கீழக்கரையின் வரலாற்றை எழுதுவோர் வள்ளல் சீதக்காதியைப் போற்றுகின்றனர். சீறாப்புராணம் பாட உமறுப் புலவருக்கு ஆதரவளித்த அவரைப் போற்றுவது நம் கடமை. ஆயினும் வணிகர் கைக்கு முத்து வந்து சேருமுன் அதை அடியாழத்திலிருந்து எடுத்தவன் ஒருவன் உண்டு. வள்ளலின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவனுடைய பெயர் தெரியவில்லை. பொருள் சேர்த்தவரையும் கொடுத்தவரையும் மட்டும் நினைவில் வைத்து, உழைத்தவரை விட்டுவிடும் வரலாறு பாதி வரலாறே.

1893இல் ஜப்பானியரான மிக்கிமோட்டோ செயற்கை முறையில் முத்து விளைவித்ததிலிருந்து இயற்கை முத்தின் அரசாட்சி தளரத் தொடங்கியது. 1925க்குப் பின் இலங்கையில் பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதிச் சலாபம். 1973இல் அதே தூத்துக்குடியில் நம் அறிவியலாளர் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். சங்கு குளித்தல் மட்டும் எஞ்சி நின்றது.

முத்து அருகியபின் பவளத்திற்கும் கேடு வந்தது. சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப் பாறைகள் பல்லாண்டுகள் வெட்டப்பட்டன. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளிறின. இரு கடல்களிலிருந்து வெளிப்படும் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளாகச் சூரா அர்ரஹ்மான் எடுத்துரைக்கிறது. அருட்கொடையை அழிப்பதும் நன்றி மறத்தலின் ஒரு வகையே அன்றோ?

1961இல் இளைஞராய்க் குளித்தவர் இன்று எண்பது வயதைக் கடந்திருப்பர். தோலாயிரம் பார் போன்ற பார்களின் பெயர்களையும், கச்சானும் வாடையும் நீரோட்டத்தை மாற்றும் வகையையும் ஏட்டில் படிக்காமல் உடலால் அறிந்தவர்கள் அவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி ஆகிய ஊர்களிலுள்ள குடும்பத்தார் தத்தம் முதியோரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வைத்தல் வேண்டும். அரசு ஆவணங்களில் சிப்பிகளின் எண்ணிக்கை உண்டு. குளித்தவர்களின் பெயர்கள் வீட்டு நினைவுகளில்தான் உண்டு. அந்நினைவும் மூழ்கிவிட்டால், அதை மேலே இழுக்கக் கயிறில்லை.