ஸ்கோர் புத்தகத்தை யார் எழுதுகிறார்கள்? ஜோஷ் கிப்சனும் பல்வங்கர் சகோதரர்களும்

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தன் பழைய கணக்கைத் திருத்தியது. அதுவரை பேஸ்பால் வரலாற்றின் மிக உயர்ந்த மட்டைச் சராசரி டை காப் என்ற வெள்ளையரின் பெயரில் இருந்தது: .367. திருத்தத்துக்குப் பிறகு முதலிடத்துக்கு வந்தவர் ஜோஷ் கிப்சன். அவருடைய சராசரி .372. கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளில் 372 முறை பந்தை அடித்து வெற்றி கண்டார் என்று பொருள். கிப்சன் கறுப்பினத்தவர். இந்தச் செய்தி வந்தபோது அவர் இறந்து 77 ஆண்டுகள் கடந்திருந்தன.

1911இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கிப்சனை, மேஜர் லீக் ஒரு நாள்கூட ஆட விடவில்லை. கறுப்பர்கள் தங்களுக்கென நடத்திக்கொண்ட நீக்ரோ லீக் போட்டிகளில்தான் அவர் ஆடினார். 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் களத்தில் இறங்கி நிறத்தடையை உடைத்தார். கிப்சனின் கல்லறையோ 1975 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தது.

அந்த .372 எங்கிருந்து வந்தது? நீக்ரோ லீக் ஆட்டங்களை வெள்ளையர் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பர் பத்திரிகைகள்தான் ஸ்கோர்களை வெளியிட்டு வந்தன. பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய தாள்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, 2300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் கணக்கைக் கூட்டிச் சேர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதி வைத்திருந்ததால்தான் ஒரு நாள் அதிகாரமும் அதை ஏற்க வேண்டி வந்தது.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதை நாம் எழுதக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு விளையாட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

பந்து வீசலாம், மட்டை பிடிக்கக் கூடாது

பல்வங்கர் பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சமார் சாதியைச் சேர்ந்தவர். கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்த நம் கொங்கு அருந்ததியர் மக்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. தோலைத் தொடுபவன் தீட்டு, அந்தத் தோல் பந்து மட்டும் எல்லோர் கைக்கும் ஆகும்.

பாலுவின் முதல் வேலை புனேயில் பார்சிகள் நடத்திய கிளப்பில். ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுக்க மாதம் 3 ரூபாய். 1892இல் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு 4 ரூபாய்ச் சம்பளத்தில் போனார். அங்கே வெள்ளை அதிகாரிகள் பயிற்சி எடுக்க அவர் பந்து வீசினார். மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காக வீசினார். இடதுகை சுழற்பந்தில் அவர் தேர்ந்தது அங்கேதான். ஆனால் ஒரு முறைகூட அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னதில்லை. மட்டை துரைமாருக்கு, உழைப்பு வேலைக்காரனுக்கு. சாதி எப்படி வேலையைப் பங்கு போடுகிறது என்று சமூகவியல் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

பிறகு புனே இந்துக்களின் அணிக்கு ஐரோப்பியரை வெல்ல ஆள் தேவைப்பட்டது. பார்ப்பன உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள். ஆனாலும் வெற்றி வேண்டுமே, பாலு சேர்க்கப்பட்டார். களத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, பாலுவுக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கி எறியும் மண் கோப்பை.

இரட்டைக் குவளை! கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தேநீர்க் கடைகளில் எந்தக் கொடுமைக்கு எதிராக இயக்கங்கள் பல பத்தாண்டுகளாகப் போராடினவோ, அதே கொடுமை கிரிக்கெட்டின் பெவிலியனிலும் இருந்தது. சில ஊர்களில் இன்று கண்ணாடி டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சரி. நம் தெருவிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் பேப்பர் கப் என்றால், அது பாலுவுக்குக் கொடுத்த மண் கோப்பையின் பேரன்தான்.

விட்டல் சொன்ன 'மாட்டேன்'

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா, அப்போது அவருக்கு வயது 19. அணியைத் தாங்கியவர் முப்பத்தைந்தை ஒட்டிய பாலு. அந்தப் பயணத்தில் மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் அவருடைய மொத்தக் கணக்கு 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. இளைஞராக இருந்த அம்பேத்கருக்கு அவர் நாயகன்.

பாலுவின் தம்பிகள் சிவ்ராம், கண்பத், விட்டல் ஆகியோரும் இந்து அணிக்கு ஆடினார்கள். இவர்களில் விட்டல் மட்டையாளர். அண்ணனின் கையில் கொடுக்க மறுத்த மட்டையைத் தம்பி பிடித்து, இந்து அணியின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவராக ஆனார்.

ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என நான்கு அணிகள் மோதும் பம்பாய்ப் போட்டிதான் அந்தக் காலத்தின் பெரிய போட்டி. அதில் இந்து அணிக்கு பாலுவைக் கேப்டனாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் எழுந்தது. ஆக்கவில்லை. 1913இல் கேப்டனான எம். டி. பாய், அந்தப் பொறுப்பு மூத்தவரான பாலுவுக்குத்தான் சேர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போதும் ஆக்கவில்லை.

1920இல் பாய்க்கு உடல்நலம் இல்லை. தேர்வுக் குழு பாலுவை அணியிலிருந்தே நீக்கியது. விட்டலைத் தாண்டி, அவரைவிட அனுபவம் குறைந்த தேவ்தர் என்ற பார்ப்பனரைக் கேப்டனாக்கியது. விட்டலும் சிவ்ராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். வாயை மூடிக்கொண்டு போகவில்லை. சாதியைக் காரணம் காட்டித்தான் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அறிக்கை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். ஊர் பேசியது. பார்சிகளுடனான இறுதி ஆட்டத்துக்கு பாய் திரும்பியபோது சகோதரர்களும் அழைக்கப்பட்டார்கள். பாலு துணைக் கேப்டன். ஆட்டத்தின் நடுவே பாய் வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியே போய், அணியை நடத்தும் பொறுப்பை பாலுவிடம் விட்டார்.

1923இல் விட்டல் கேப்டன். அந்த ஆண்டே இந்து அணி கோப்பையை வென்றது. சாதி இந்துக்களே அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

விட்டலின் மரபு என்று கேட்டால் நாம் 1923ஐவிட 1920ஐத்தான் முதலில் சொல்வோம். தோளில் தூக்கியவர்கள் மறுநாள் இறக்கியும் விடுவார்கள். 'மாட்டேன்' என்று சொல்லி, காரணத்தையும் எழுதிக் கொடுத்ததுதான் நின்றது. அதோடு அவர் நிறுத்தவில்லை. 1948இல் தன் ஆட்ட வாழ்க்கையை மராத்தியில் புத்தகமாக எழுதி வைத்தார். இன்று பல்வங்கர்களைப் பற்றி வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் எழுத முடியாது.

ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

இந்தக் கதையில் கோயம்புத்தூருக்கும் ஒரு பக்கம் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் சிறுவயதில் படித்தது இங்கேதான். 1939இல் வெளியான தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அந்த நாட்களை அவர் பதிவு செய்திருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருப்பார், பள்ளி விட்டதும் யார் கண்ணிலும் சிக்காமல் வேகமாக வீடு சேர்வார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று மனம் நொந்ததையும் எழுதியிருக்கிறார். தீண்டாமையைப் பற்றி எழுத வந்த ஒரு பெருந்தலைவர் விளையாட்டை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோவையில் விளையாட முடியாத அந்தச் சிறுவனும், பம்பாயில் விளையாடிப் புகழ்பெற்ற பாலுவும் 1932 செப்டம்பர் 24 அன்று ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். அதுதான் புனே ஒப்பந்தம்.

இங்கே ஒரு கசப்பான பக்கத்தையும் திறக்க வேண்டும். தனித் தொகுதிக் கோரிக்கையில் பாலு அண்ணல் அம்பேத்கரோடு நிற்கவில்லை, எம். சி. ராஜாவின் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225. தன்னை ஏற்றுக்கொண்ட இந்து சமூகம் தன் மக்களையும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளும் என்று பாலு நம்பினார். ஒருவனுக்குக் கிடைத்த கைதட்டல் ஊருக்கே உரிமையாகிவிடாது என்பதை அம்பேத்கர் அறிந்திருந்தார். நாம் அம்பேத்கரின் பக்கம்தான். அதற்காக பாலுவை நம் வரலாற்றிலிருந்து தள்ளிவிடத் தேவையில்லை. அவருடைய 179 விக்கெட்டும் அவர் நின்ற அந்தத் தேர்தலும் ஒரே புத்தகத்தில் இருக்கட்டும்.

அம்பேத்கர் எவ்வளவு சரியாகக் கணித்தார் என்பதற்குச் சமீபத்திய சாட்சி வந்தனா கட்டாரியா. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். நாலே நாளில் அரையிறுதியில் அணி தோற்றது. ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவு செய்தார்கள். வென்றால் இந்தியர், தோற்றால் தலித்.

நம் ஊர்க் கணக்கு

இங்கிலாந்து அணிக்காக டெஸ்ட் ஆடிய ஜாம்நகர் அரசர் ரஞ்சித்சிங்கின் பெயரில் 1934 முதல் நாட்டின் பெரிய கோப்பை இருக்கிறது. 1955 ஜூலையில் மறைந்த பாலுவின் பெயரில் அப்படித் தேசிய அளவில் ஒரு கோப்பையும் இல்லை. அது வேண்டும் என்று கேட்போம். அதைவிட அவசரமான வேலை நம் ஊர்களில் இருக்கிறது.

'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' படங்களைப் பார்த்துக் கைதட்டிய நீங்கள் உங்கள் ஊர் மைதானத்தை ஒருமுறை விசாரியுங்கள். ஊர்ப் பொதுப் புறம்போக்கில் நம் தெருப் பிள்ளைகள் ஆட முடிகிறதா? கோயில் நோன்பியின்போது நடக்கும் போட்டிக்கு நம் அணியின் பெயரை எழுதிக்கொள்கிறார்களா? சுண்ணாம்புக் கோடு போடுவது யார், கோப்பையை வாங்குவது யார்? பந்து வீச மட்டும் நம் பையனைக் கூப்பிட்டுக்கொண்டு, கேப்டன் என்றதும் வேறு தெருவைப் பார்க்கிறார்களா? ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும் சொம்பு ஒன்றா, இரண்டா? நம் பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் இடம் உண்டா?

கேட்பதோடு விடாமல் எழுதி வையுங்கள். உங்கள் தெருவில் அறுபது எழுபது வயதில் கபடி ஆடிய, சிலம்பம் சுற்றிய, பந்து அடித்த தாத்தாக்களும் அப்பச்சிகளும் இருக்கிறார்கள். யாரோடு ஆடினார்கள், எந்த ஊரில் நிறுத்தினார்கள், எங்கே தனியாக உட்கார வைத்தார்கள் என்று கேட்டு ஆண்டு, ஊர், பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். பழைய போட்டோ இருந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஸ்கோர் புத்தகமும் அவர்களோடு போய்விடும்.

கிப்சனின் .372 எண்பது ஆண்டு கழித்து எழுந்து வந்ததற்குக் காரணம், அவருடைய மக்கள் அன்றைக்கே அதைக் குறித்து வைத்ததுதான். நம் கணக்கையும் இன்றே தொடங்குவோம்.

ஜெய் பீம்!