துப்பாக்கி ஸ்கோப்பும் பெரும்பாக்கம் குன்றும்

படிப்பது பி.காம். என்றாலும் இந்த முறை கொஞ்சம் சரித்திரம். ஸ்கோப் வழியாகக் குறி பார்ப்பவருக்கு ஏன் கண் வலிக்கிறது என்று தேடப் போனால், அந்தக் கேள்வி நம்ம பெரும்பாக்கத்தில் கொண்டு வந்து விட்டது.

துப்பாக்கி ஸ்கோப் ஒரு சின்னத் தொலைநோக்கிதான். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள். 1640-ஐ ஒட்டிய வருடங்களில், இங்கிலாந்தின் வில்லியம் காஸ்கோயின் தன் தொலைநோக்கிக்குள் சிலந்தி இழை ஒன்றைப் பார்த்து இந்த யோசனையைப் பிடித்தார். துப்பாக்கியில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே இது வானியலுக்கும் நில அளவைக்கும் வந்துவிட்டது.

நில அளவை என்றதும் நம் ஊர் வருகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி, தலைக்கு மேல் சென்னை வெயில்! ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் கணக்கிலேயே வந்துவிடும். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்துப் போன வேலைதான் பிற்பாடு இமயமலை வரை எட்டி, எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னது.

கோணம் அளக்க லண்டனிலிருந்து வந்த தியோடலைட்டின் எடை அரை டன். வட்டத்தின் குறுக்களவு 3 அடி. ஆனால் எவ்வளவு பெரிய கருவியானாலும் கடைசியில் பார்ப்பது மனிதக் கண்தானே?

அங்கேதான் பிரச்சினை. முதலில் கண்ணருகே உள்ள லென்ஸைத் திருப்பி, கோடுகள் பளிச்சென்று தெரியும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணே அதைச் சரிக்கட்டப் பாடுபட்டு, வலித்து நீர் கட்டும். இரண்டாவது, தூரத்துப் பிம்பமும் கோடுகளும் ஒரே தளத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் தலை லேசாக அசைந்தாலும் குறி நகரும். பின் சீட்டிலிருந்து ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் முள் வேறு எண்ணில் நிற்பது போல! மூன்றாவது கானல். சூடான தரைக்கு மேல் காற்று அலைந்தால் பிம்பமும் நடுங்கும். இதைச் சமாளிக்க லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இரவில் விளக்குகளை ஏற்றி வைத்து அளந்தார்.

இன்றைய ஸ்கோப்புக்கும் இதே மூன்று பாடம்தான். கூடுதலாக ஒன்று உண்டு. சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அதனால் கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும்படி ஸ்கோப்பைச் செய்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது லாம்டனின் கண். அவருக்கு இடது கண்ணில் பார்வைக் குறை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்பார்கள். அந்தப் பார்வையோடுதான் 20 வருடங்களுக்கு மேல் அளந்தார். 1823-ல் இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், வேலை முடியும் முன்பே இறந்து போனார்.

கூர்மையான கண் இருந்தால்தான் குறி தப்பாது என்று நினைக்கிறோம். கருவியைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி பொறுமையாகச் சரிசெய்து கொள்கிறவருக்குக் குறைப் பார்வையே போதும் போலிருக்கிறது. பரங்கிமலையில் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. அங்கே போனால், தெற்கே பெரும்பாக்கம் பக்கமும் ஒரு தடவை பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து!