கட்டாயப் படைச்சேர்ப்பு (அமெரிக்கா, வியட்நாம் போர்க்காலம்)

அமெரிக்க இளைஞர்களைச் சட்டத்தின் வழியே ராணுவத்துக்கு அழைத்த முறை. இரண்டாம் உலகப் போரையொட்டி 1940-இல் தொடங்கி, ஒரு சிறு இடைவெளி தவிர, 1973 வரை நீடித்தது. 1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் மாத அழைப்பை 17,000-இலிருந்து 35,000 ஆக உயர்த்தியதும், எங்கோ நடந்த வியட்நாம் போர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

யாரை அழைப்பது என்பதை உள்ளூர்க் குழுக்கள் முடிவு செய்தன. கல்லூரி மாணவர்களுக்கு விலக்கு இருந்ததால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர் தப்பினர்; ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. போரைவிட இந்தப் பாரபட்சமே பலரைக் கொதிக்க வைத்தது. ஏழைகளும் கறுப்பின இளைஞர்களும் சுமக்கும் பாரத்தை மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் தேவாலய உரையில் வெளிப்படையாகச் சாடினார். அதே மாதம் 28-ஆம் தேதி, ஹூஸ்டனில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி படையில் சேர மறுத்தார். உலகப் பட்டம் பறிபோனது. மறுத்ததற்காக அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 1971-இல்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பாரபட்சத்தைக் களையவே குலுக்கல் முறை வந்தது. 1969 டிசம்பர் 1 இரவு, ஆண்டின் 366 தேதிகளும் நீல நிறக் குப்பிகளில் அடைக்கப்பட்டு ஒரு கண்ணாடி ஜாடியில் இருந்தன. நாடே தொலைக்காட்சியில் பார்க்க, முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அன்று பிறந்தவர்களுக்கு முதல் எண். 195 வரை எண் விழுந்தவர்கள் அழைக்கப்பட்டனர். குப்பிகள் சரியாகக் கலக்கப்படவில்லை என்பதைப் புள்ளியியலாளர்கள் பின்னர் கண்டறிந்தனர்: ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களே முன்னால் அகப்பட்டிருந்தனர். நேர்மைக்காக நடத்திய குலுக்கலில் இப்படி நேர்ந்தது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. அடுத்த ஆண்டு முறையை மாற்றினர்.

1970 மே 4 அன்று ஒஹாயோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தனர். போருக்கு அனுப்பப்படும் வயதில் வாக்குரிமை இல்லையே என்ற நெடுநாள் கேள்விக்கு விடையாக, 1971-இல் 26-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கியது.

1973 ஜனவரி 27 அன்று, பாரிஸில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், கட்டாயப் படைச்சேர்ப்பின் முடிவும் அறிவிக்கப்பட்டது. படையில் சேராமல் தப்பியவர்களுக்கு 1977-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பொதுமன்னிப்பு வழங்கினார். படைச்சேர்ப்புக்கான பெயர்ப் பதிவை மட்டும் 1980-இல் அவரே மீண்டும் கொண்டுவந்தார்.